சுவான்சோவுக்கு ஒரு பயணத் திட்டம்

சீனப் பயணம் என்றதும் பிள்ளைகள் பெருஞ்சுவரைச் சொன்னார்கள். "அத்தனை படி என் முழங்கால் தாங்காது" என்றாள் மனைவி. ஆகவே தென்கிழக்குக் கரையிலுள்ள பழைய துறைமுக நகரம் சுவான்சோவைத் தேர்ந்தெடுத்தோம். சியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி.

நம் வணிகர்கள் வாழ்ந்த ஊர். 1281இல் சிவனை எழுந்தருளச் செய்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு அங்கு கிடைத்தது. கோயில் இன்றில்லை, சிற்பங்கள் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. கையுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம், இரு தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் இருக்கிறார்கள். பின்புறம் போகாமல் திரும்பிவிடாதீர்கள். முதல் நாள் இதற்கே. சீன அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் நாள் என்னுடையது: 1053 முதல் 1059 வரை கட்டிய லோயாங் கற்பாலம். ஆற்றின் அடியில் கற்களைக் கொட்டி, அவற்றின்மேல் சிப்பி வளர்த்து அஸ்திவாரத்தை இறுகச் செய்தார்கள். சிமெண்ட் இல்லாத காலம்! தூண்களின் அடிப்பாகம் தெரிய, கடல்நீர் வடியும் நேரம் போகவேண்டும். அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காலையில் வடிந்தால் பாலம் முதலில். மாலை என்றால் கடைசியில். ஓய்வு பெறும்வரை ரயில் அட்டவணையைப் பார்த்தவன், இப்போது ஓத அட்டவணையோடு உட்கார்ந்திருக்கிறேன்.