50 லட்ச ரூபாய் கார் 14 லட்சத்துக்கு: திருவண்ணாமலையில் பழைய சொகுசு செடான் வாங்கலாமா?

வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. கறுப்பு நிற ஜெர்மன் செடான், சன்ரூஃப், லெதர் சீட் என எட்டு போட்டோ. கீழே, "டாக்டர் யூஸ் பண்ண வண்டி ப்ரோ, சிங்கிள் ஓனர், ஒரு ரூபா செலவில்லை. 14 லட்சம், பேசிக்கலாம்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த கார் ஆன்ரோடு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேட்கும் விலைக்கு ஒரு புது காம்பாக்ட் எஸ்யூவிதான் கிடைக்கும். வொர்க் ஃப்ரம் ஹோம் சம்பளம் வருகிறது, பர்சனல் லோன் ஆப் வேறு "ப்ரீ அப்ரூவ்டு" என்று கூப்பிடுகிறது. ஆசை வருவது தப்பே இல்லை.

ஆனால், "வாங்க முடியுமா?" என்பது பாதி கேள்விதான். "வைத்து ஓட்ட முடியுமா?" என்பதுதான் மீதி. குறிப்பாக, கம்பெனி சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு.

ஏன் இவ்வளவு மலிவு?

சொகுசு கார்களின் விலை வேகமாக விழும். முதல் ஓனருக்குப் புது மாடல் வேண்டும், இரண்டாவது ஓனருக்குப் பராமரிப்பு பயம் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் விலை சரிகிறது. இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே இது தெரியும். காரின் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிடும்போது ஆறு மாதத்துக்குள் 5%, ஒரு வருடத்தில் 15%, நான்கு முதல் ஐந்து வருட வண்டிக்கு 50% என்று தேய்மானம் கழிக்கப்படும். ஐந்து வருடம் தாண்டினால், கம்பெனியும் ஓனரும் பேசி மதிப்பை முடிவு செய்ய வேண்டியதுதான்.

இங்கேதான் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காரின் விலை குறைந்திருக்கிறது, ஆனால் அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறையவில்லை. ஹெட்லைட் உடைந்தால், நீங்கள் கொடுக்கப்போவது 14 லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட் விலை அல்ல, 50 லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட் விலை. ஏர் சஸ்பென்ஷன், டர்போ, கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதுவும் வாரன்டி முடிந்த பிறகு.

"இன்ஷூரன்ஸ் இருக்கே?" என்று கேட்கலாம். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்குத்தான். கியர்பாக்ஸ் தேய்ந்து நின்றால் அதற்குப் பணம் வராது.

பிராண்டை விடுங்க, இன்ஜினைக் கேளுங்க

"பென்ஸ் ஓடும், ஆடி படுத்துடும்", "பிஎம்டபிள்யூ வேண்டாம்டா". டீக்கடை தீர்ப்புகள் இப்படித்தான் இருக்கும். நிஜத்தில் நம்பகத்தன்மை லோகோவில் இல்லை. எந்த வருடம், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்பதில் இருக்கிறது.

ஸ்கோடா சூப்பர்ப் நல்ல உதாரணம். இரண்டாம் தலைமுறை சூப்பர்பில் 1.8 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். 2.0 லிட்டர் டீசலுக்கு 6 ஸ்பீடு, ஆயிலில் நனைந்து ஓடும் வெட் கிளட்ச். வெளியே பார்த்தால் ஒரே கார். ஆனால் உலகம் முழுக்கப் புகார் அதிகம் வந்தது டிரை கிளட்ச் வகையில். 2013-ல் சீனாவில் மட்டும் ஃபோக்ஸ்வேகன் குழுமம் டிஎஸ்ஜி கோளாறுக்காக 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

பிஎம்டபிள்யூவிலும் இப்படி ஒன்று உண்டு. 2007 முதல் 2011 வாக்கில் வந்த 'என்47' டீசல் இன்ஜினில் டைமிங் செயின் தேய்வது தெரிந்த பிரச்சினை. செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில் இருப்பதால் அதைத் தொடவே பெரிய வேலை. அறுந்தால் இன்ஜினே போகலாம். ஆடி ஏ4-ல் 2009-ஐ ஒட்டி வந்த 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் இன்ஜின்கள் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனவை. அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்தது.

சில குறைகள் ஆபத்தாகவும் மாறும். 2018-ல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ 520டி உள்ளிட்ட டீசல் கார்கள் தொடர்ந்து தீப்பிடித்தன. புகையை மறுசுழற்சி செய்யும் இஜிஆர் அமைப்பின் கூலர் கசிவுதான் காரணம் என்று நிறுவனம் சொல்லி, முதல் கட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அதனால் நீங்கள் பார்க்கும் வண்டிக்கு ரீகால் ஏதும் இருந்ததா, அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கட்டாயம் கேளுங்கள்.

எதிர்ப்பக்கம் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், லெக்சஸ் இஎஸ் மாதிரியான வண்டிகள். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனத்தின் நீடித்த உழைப்பு ஆய்வில் லெக்சஸ் தொடர்ந்து முன்னணியில் வருகிறது. ஆனால் அந்த ஆய்வு மூன்று வருடம் ஓடிய கார்களைப் பற்றியது. எட்டு வருஷ வண்டிக்கு அந்த ரேங்கை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஹைப்ரிட் என்றால் பேட்டரியின் வயதையும் மீதமிருக்கும் வாரன்டியையும் தனியாகக் கேட்க வேண்டும்.

நம்ம ஊர் கணக்கு வேற

பிஎம்டபிள்யூ கார்கள் 2007 முதல் செங்கல்பட்டு பக்கம், மகிந்திரா சிட்டி அருகே அசெம்பிள் ஆகின்றன. ஆனால் கார் தமிழ்நாட்டில் தயாராவதால் திருவண்ணாமலையில் சர்வீஸ் கிடைத்துவிடாது. இங்கிருந்து சென்னையும் பெங்களூருவும் கிட்டத்தட்ட தலா 200 கி.மீ. ஒரு வார்னிங் லைட் எரிந்தாலும், பெரிய வேலை என்றால் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவும், வண்டி இல்லாமல் இருக்கும் நாட்களும் உங்கள் பட்ஜெட்டில் வர வேண்டும்.

அடுத்தது டயர். பல பிஎம்டபிள்யூ செடான்களில் ஸ்டெப்னி கிடையாது, ரன் ஃபிளாட் டயர்தான். பஞ்சர் ஆனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓடும். அதாவது விழுப்புரம், திண்டிவனம் வரை போகலாம், சென்னை வரை முடியாது. அதே சைஸ் டயர் உள்ளூர் கடையில் ஸ்டாக் இருக்குமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பழைய ஓனர் செலவைக் குறைக்க சாதாரண டயர் மாட்டியிருந்தால் இன்னும் சிக்கல். ரன் ஃபிளாட்டும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை.

பௌர்ணமி அன்று ஊருக்குள் கார் எடுத்தவர்களுக்கு அடுத்த விஷயம் புரியும். கிரிவலக் கூட்டத்தில் அடி அடியாக நகர்வது டிரை கிளட்ச் கியர்பாக்ஸுக்குப் பெரிய சோதனை. அரை கிளட்சிலேயே ஊர்ந்தால் சூடேறும், தேயும். அதோடு மே மாத வெயில். டெஸ்ட் டிரைவை பைபாஸில் மட்டும் ஓட்டாதீர்கள். மதியம் 2 மணிக்கு, ஏசி போட்டு, மார்க்கெட் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கியர் மாறும்போது குலுக்கல், ரிவர்ஸில் தயக்கம், ஏறும் டெம்பரேச்சர் எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

கிராமச் சாலைகளின் வேகத்தடைகளில் தாழ்வான செடான்கள் அடி வாங்கும். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

தண்ணி குடிச்ச வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் சென்னையில் ஏராளமான கார்களை மூழ்கடித்தன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையின்போது நம் பக்கத்து ஊத்தங்கரையில் வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட வீடியோவை மறந்திருக்க மாட்டோம். மூழ்கிய கார்கள் ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வரும்.

சாதாரண காரைவிட சொகுசு காரில் இது அதிக ஆபத்து. சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, டிக்கியில் என எல்லா இடத்திலும் எலக்ட்ரானிக் மாட்யூல்கள் இருக்கும். இன்று வேலை செய்யும், ஆறு மாதத்தில் துருப்பிடித்து ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும்.

கண்டுபிடிக்கச் சில வழிகள்:

- சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா?
- சீட் தண்டவாளம், போல்ட்டுகளில் துரு இருக்கிறதா?
- டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள்.
- கண்ணாடிகளை ஏற்றி 10 நிமிடம் உட்காருங்கள். ஈர வாடையோ, அதை மறைக்கத் தூக்கலான பெர்ஃப்யூமோ வந்தால் உஷார்.
- பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியை வாங்கி, கிளெய்ம் விவரத்தை ஓனர் மூலமே கேட்டுப் பெறுங்கள்.

மீட்டர் பொய் சொல்லுமா?

சொல்லும். டிஜிட்டல் ஓடோமீட்டரைக் குறைப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் பல ஜெர்மன் கார்களில் ஓடிய தூரம் ஒரே இடத்தில் பதிவாவதில்லை. மற்ற மாட்யூல்களிலும், சில மாடல்களில் சாவியிலும்கூட இருக்கும். அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். அதைவிட எளிது, கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி. ஒவ்வொரு சர்வீஸிலும் தேதியும் கிலோமீட்டரும் ஏறியிருக்கும். "வெளியிலதான் சர்வீஸ் பண்ணோம், பில் இல்ல" என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் யோசியுங்கள்.

பேப்பரில் ஒளிந்திருக்கும் செலவு

புதுச்சேரி நமக்கு 100 கி.மீ. சொச்சம்தான். அதனால் 'பிஒய்' நம்பர் சொகுசு கார்கள் இங்கே நிறையவே கண்ணில் படும். வரி குறைவு என்பதற்காக அங்கே போலி முகவரியில் பதிவு செய்த சொகுசு கார்கள் தொடர்பாக 2017-ல் கேரளத்தில் பெரிய சர்ச்சையே வெடித்து, வழக்குகள் பதிவாகின. வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டின் வரியும் கட்ட வேண்டும். டெல்லியில் பழைய டீசல், பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்ததால் அங்கிருந்தும் மலிவாக வண்டிகள் வருகின்றன. என்ஓசியும் வரியும் சேர்த்துக் கூட்டினால் மலிவு காணாமல் போகலாம். வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிடுங்கள்.

பரிவாகன் தளத்தில் எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். லோன் இருந்திருந்தால் படிவம் 35-ம் வங்கியின் என்ஓசியும் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது என்பதால் பிரீமியம் கூடலாம்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம், மூன்று கேள்விகளுக்கும் "ஆமா" என்று பதில் இருந்தால்:

1. முழு சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கிறதா? அதைத் தனி மெக்கானிக் ஒருவர் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தினாரா?
2. காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது ரிப்பேருக்கென்று தனியாக எடுத்துவைக்க முடியுமா? அதாவது 14 லட்சம் கார் என்றால் கையில் சுமார் 17 லட்சம்.
3. இந்த கார் ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால், வீட்டில் வேறு வண்டி இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அப்பாவை ராத்திரி அவசரமாக வேலூருக்கோ புதுச்சேரிக்கோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இருக்கும் ஒரே வண்டி இதுதான் என்றால், அழகைவிட காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்பதுதான் முக்கியம். அந்த இடத்தில் ஒரு சாதாரண, வாரன்டி உள்ள கார் எவ்வளவோ மேல்.

மெசேஜ் அனுப்பிய ப்ரோவுக்கு உடனே "ஓகே" போட வேண்டாம். "சேசிஸ் நம்பரும் சர்வீஸ் ஹிஸ்டரியும் அனுப்புங்க" என்று பதில் போடுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.