மாட்டுக் காசநோயும் காட்டு நரியும்

காக்கையை ஏமாற்றி வடையைக் கவர்ந்த நரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தந்திரத்துக்குப் பெயர்பெற்ற அந்த நரியின்மீது பிரான்சு நாட்டில் இன்று மற்றோர் ஐயமும் விழுந்துள்ளது. மாடுகளுக்குக் காசநோயைப் பரப்புவதில் அதற்கும் பங்கு உண்டோ என்பதே அந்த ஐயம்.

மாட்டுக் காசநோய்க்குக் காரணம் 'மைக்கோபாக்டீரியம் போவிஸ்' என்னும் நுண்ணுயிர். நோயுற்ற மாட்டின் மூச்சுக்காற்று வழியே அது பிற மாடுகளைப் பற்றும். காய்ச்சாத பாலின் வழியே மனிதரையும் தொற்றும். நோய் கண்ட மாடுகள் கொல்லப்படுவதால், உழவரின் பல்லாண்டு உழைப்பு சில நாட்களில் அழிந்துபோகும்.

பிரான்சு 2001இல் இந்நோய் நீங்கிய நாடாக ஏற்கப்பட்டது. ஆயினும் சில பகுதிகளில் நோய் மீண்டும் தலைதூக்கியது. தென்மேற்கிலுள்ள தோர்தோன் பகுதியில் மாடுகளிடம் மட்டுமன்றிக் காட்டுப்பன்றிகளிடமும், 'பேட்ஜர்' என்னும் வளைவாழ் விலங்குகளிடமும் கிருமி காணப்பட்டது. அங்குள்ள செந்நரிகளிடமும் அது இருப்பதை 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இறந்த விலங்குகளைத் தின்னும் நரி, அவ்வுணவின் வழியே நோயைப் பெறக்கூடும்; பின்னர்த் தன் கழிவின் வழியே கிருமியை மேய்ச்சல் நிலத்தில் விடவும் கூடும்.

அவ்வாறாயின் நரியே குற்றவாளி என முடிவு கட்டலாமா? அறிவியலார் இங்கே ஒரு வேறுபாட்டைச் சுட்டுவர். சில விலங்குகள் தம் இனத்துக்குள்ளேயே நோயை நிலைபெறச் செய்பவை. நியூசிலாந்தின் 'பொஸம்' அத்தகையது. வேறு சில, பிறவற்றிடமிருந்து நோயைப் பெறுபவை மட்டுமே. நரி நெடுங்காலம் இரண்டாம் வகையிலேயே வைக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு ஆய்வு அக்கருத்தை மறுபரிசீலனைக்கு உரியதாக்கிற்று. எனினும் நரியிடம் கிருமி இருப்பது வேறு. அதனிடமிருந்தே மாட்டுக்கு நோய் வந்தது என மெய்ப்பிப்பது வேறு.

ஆராயாது கொல்வதன் விளைவை இங்கிலாந்து நமக்குக் கற்பிக்கிறது. அங்கே 1998 முதல் 2005 வரை நடந்த சோதனையில் ஏறத்தாழ 11,000 பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. பரந்த நிலப்பரப்பில் ஆண்டுதோறும் கொன்ற இடங்களில் மாட்டுநோய் குறைந்தது. ஆனால் எஞ்சியவை இடம்பெயர்ந்து அலைந்ததால், எல்லைப்புறங்களில் அது கூடிற்று.

எனவே மாடுகளைத் தவறாது சோதித்தல், நோயுற்றவற்றை இடம்மாற்றாதிருத்தல், இறந்த உடல்களையும் வேட்டைக் கழிவுகளையும் திறந்தவெளியில் எறியாதிருத்தல், பாலைக் காய்ச்சிப் பருகுதல் ஆகியவையே முதற்கடமைகள். நரிக்கு நோய் வந்த வழியை ஆராய்ந்தால், அது பெரும்பாலும் நாம் அடைக்கத் தவறிய வழியாகவே இருக்கும். கதையில் நரி ஏமாற்றியது உண்மையே. ஆயினும் பழியைச் சுமத்துமுன் சான்றைத் தேடுவதே கற்றவர்க்கு அழகு.