ஏழு டிகிரி எக்ஸ்ட்ரா!

ஒன்பதாவது படிக்கும்போது பொது அறிவுப் போட்டியில் எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசாகக் கிடைத்தது. 'உலகிலேயே அதிக வெப்பம் பதிவான இடம் எது?' என்பது கேள்வி. மற்ற பையன்கள் சஹாரா, ராஜஸ்தான் என்று உளறிக்கொண்டிருக்க, நான் எழுந்து, "லிபியாவில் அஸீஸியா. 1922 செப்டம்பர் 13. ஐம்பத்தெட்டு டிகிரி" என்று தேதியோடு போட்டு உடைத்தேன். உபயம், சித்தப்பா. அவர் லிபியாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு எழுதியவர்.

டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது. விடைதான் போய்விட்டது. 2012-ல் உலக வானிலை அமைப்பு அந்த 58-ஐ ரத்து செய்துவிட்டது. இப்போது ரெக்கார்டு அமெரிக்காவின் டெத் வேலிக்கு. 1913-ல் 56.7 டிகிரி.

ரத்தான காரணத்தைப் படித்தபோது, பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்குச் சிலிர்த்தது. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். செப்டம்பர் 11 முதல் கையெழுத்து மாறுகிறது. யாரோ புது ஆள்! அதிகபட்சம், குறைந்தபட்சம் எல்லாம் வேறு காலத்தில் விழுந்திருக்கிறது. தெர்மாமீட்டருக்குள் இருக்கும் குட்டி ஊசியின் கீழ் முனையைப் பார்க்க வேண்டியவர், மேல் முனையைப் பார்த்திருக்கலாம் என்கிறார்கள். ஊசியின் நீளம் ஏழு டிகிரி. தொண்ணூறு வருஷம் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது அந்த ஊசியின் நீளத்தைத்தான்!

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "டேய், நீ கிப்லியில் நின்னிருக்கியா?"

கிப்லி என்பது தெற்கே பாலைவனத்திலிருந்து வரும் அனல் காற்று. மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். இத்தாலிக்காரர்கள் அந்தப் பெயரை ஒரு விமானத்துக்கு வைக்க, அதைப் பார்த்து ஜப்பான்காரர்கள் தங்கள் கார்ட்டூன் ஸ்டூடியோவுக்கு வைத்தார்கள். 2025-ல் ஆபீஸில் எல்லோரும் தங்கள் முகத்தை 'ஜிப்லி' படமாக்கிக்கொண்டு அலைந்தோமே, அதே கிப்லிதான். சித்தப்பாவுக்கு அந்தக் காற்று முகத்தை வேறு மாதிரி மாற்றிக் காட்டியிருக்கிறது.

அவர் போனது 1995-ல். அப்போது ஐ.நா. தடையால் லிபியாவுக்கு விமானமே கிடையாது. 1992-ல் ஆரம்பித்த தடை 1999 வரை நீடித்தது. டுனீஷியாவில் ஜெர்பா என்ற தீவில் இறங்கி, டாக்ஸி பிடித்து, எல்லையில் சூட்கேஸைத் திறந்து காட்டிவிட்டு, மேலும் 170 கிலோமீட்டர் போனால் டிரிபோலி. "ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல். நடுவுல நானும் உங்க சித்தி கொடுத்த ஊறுகாயும்."

வரைபடத்தைப் பாருங்கள். இந்தியாவில் பாதிக்கும் மேல் பரப்பு. ஜனம் சுமார் 70 லட்சம்தான். பெரும்பாலோர் கடலோரத்தில். நாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. கதாமிஸ் என்ற பழைய ஊரில் தெருவுக்கே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். மண் வீடுகள், மேலே மூடிய சந்துகள், மொட்டை மாடி பெண்களுக்கு. ஏ.ஸி. உள்ள புது வீட்டுக்குக் குடிபோனவர்கள்கூடக் கோடையில் பழைய வீட்டுக்கு வந்து உட்காருவார்களாம்.

தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? எண்ணெய்க்குத் தோண்டியபோது பாலைவனத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைத்தது. 1984-ல் வேலை ஆரம்பித்து, நாலு மீட்டர் விட்டமுள்ள குழாய்களைப் புதைத்து வடக்கே கொண்டுவந்தார்கள். 1991-ல் பெங்காஸிக்கும் 1996-ல் டிரிபோலிக்கும் வந்து சேர்ந்தது. அதுவரை உப்புக் கரித்த குழாயில் நல்ல தண்ணீர் வந்த அன்று சித்தப்பா இரண்டு தடவை குளித்தாராம். ஆனால் அது பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் பெய்த மழை. இன்று அதில் புதிதாகச் சேர்வது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வட்டி வராத டெபாசிட்டிலிருந்து தினமும் எடுத்துச் செலவு செய்கிறார்கள்.

இப்படித் தண்ணீருக்குத் தவித்த நாட்டைத் தண்ணீரே வந்து அடித்தது. 2023 செப்டம்பரில் 'டேனியல்' புயல். அல்பைதா என்ற ஊரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர். பத்தாம் தேதி இரவு, விடிந்தால் பதினொன்று, டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் உடைந்தன. தெருத் தெருவாக வீடுகள் ஆட்களோடு கடலுக்குள் போயின. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அணைகள் 1970-களில் கட்டியவை. 2012, 2013-ல் அவற்றின் பராமரிப்புக்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியும் வேலை நடக்கவில்லை என்று அரசுத் தணிக்கை அறிக்கை சொன்னது 2021-ல். அதாவது, இரண்டு வருஷம் முன்னாலேயே பதிவேட்டில் இருந்தது. இந்தத் தடவை காலம் எதுவும் மாறவில்லை. எல்லாம் சரியான இடத்தில் சரியாகவே எழுதியிருந்தது. 2024-ல் பன்னிரண்டு அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை.

இதையும் சித்தப்பாவிடம் சொன்னேன். 58-க்காகச் சண்டை போட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"டெர்னாவா? ஒரு வெள்ளிக்கிழமை போனேன்டா. ஊருக்கு மேல ஒரு அருவி உண்டு. தெருவெல்லாம் மல்லிப்பூ வாசனை. நம்ம ஊர் மாதிரியே இருக்குன்னு சித்திக்கு லெட்டர் போட்டேன்."