ஒயில் குடிக்கும் எஞ்சின்: கராஜுக்குப் போகுமுன் கணக்கைப் பாருங்கள்

இன்று நமது சிறு வியாபாரிகளில் பலர் வைத்திருப்பது பதினைந்து, இருபது வருடங்களைத் தாண்டிய வாகனங்களைத்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரியோடு சேர்ந்து வரும் விலை கடை வைத்துப் பிழைப்பவனின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே கையில் இருக்கும் வேனையும் காரையும் இன்னும் சில வருடங்களுக்கு இழுத்துச் செல்ல வேண்டியுள்ளது.

இப்படிப்பட்ட வாகனங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "எஞ்சின் ஒயில் குடிக்கிறது" என்பதாகும். இதைச் சொன்னவுடனேயே சில கராஜ்களில் "எஞ்சினை இறக்க வேண்டும்" என்று பதில் வரும். இன்னும் சிலர் எதையும் பார்க்காமல், சிவப்பு விளக்கு எரியும் வரை ஓட்டுவார்கள். இரண்டுமே நட்டம். பல வருடங்களாகச் சரக்கு விநியோகத்துக்குப் பழைய வாகனங்களை வைத்துத் தொழில் செய்பவன் என்ற வகையில், எனக்குத் தெரிந்த ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவிடுங்கள்

கடையில் சரக்குக் குறைந்தால் எவ்வளவு குறைந்தது என்று எண்ணிப் பார்க்காமல் யாரையும் குற்றம் சாட்டமாட்டோம். எஞ்சினுக்கும் அதே நியாயம்தான். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் குறி வரைக்கும் ஒயில் ஊற்றி, மீற்றரில் உள்ள கிலோமீற்றரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 1000 கிலோமீற்றர் ஓடிய பின்னர், மீண்டும் அதே குறிக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியுள்ளது என்று பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையிலான அளவு சுமார் ஒரு லீற்றர்.

புதிய எஞ்சினும் சிறிதளவு ஒயிலை எரிக்கும். டொயோட்டாவின் பல கைநூல்களில் 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்பதே உச்ச எல்லையாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே 1000 கிலோமீற்றருக்குக் கால் லீற்றர் குறையும் பழைய வாகனத்துக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் போன மாதம் கால் லீற்றர், இந்த மாதம் முக்கால் லீற்றர் என்று ஏறிக்கொண்டே போனால் அது கவனிக்க வேண்டிய விடயம்.

ஒயில் எந்த வழியால் போகிறது?

ஒயில் வெளியே கசியலாம், அல்லது உள்ளே எரியலாம். இரவில் எஞ்சினுக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்து வைத்தால் காலையில் கசிவு தெரிந்துவிடும். டெப்பட் கவர் கெஸ்கட், கிரேங்க் சீல், ஒயில் பில்டர், அடியில் உள்ள ட்ரெயின் நட் ஆகியவற்றைப் பாருங்கள். சில கசிவுகள் சூடான சைலன்சர் குழாயில் விழுந்து எரிந்துபோவதால் தரையில் அடையாளம் இருக்காது. வாகனத்தை நிறுத்தியதும் வரும் கருகல் வாடை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கசிவு இல்லையென்றால் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை எரிபொருள் கூடுதலாகப் போவதன் அடையாளம். சூடேறிய பிறகும் விடாமல் வரும் வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நீலப் புகை வரும் நேரமும் ஒரு சாட்சிதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வ் சீல்கள் காய்ந்துபோயிருக்கும். கடுகண்ணாவை இறக்கத்தில் கியரில் இறங்கிவந்து, கீழே அக்சிலரேட்டரை மிதிக்கும்போது வரும் புகையும் அதே இனம்தான். பாரத்தோடு ஏற்றத்தில் ஏறும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்கலாம். டர்போ பூட்டிய டீசல் வேன் என்றால், டர்போவிலிருந்து போகும் குழாயைக் கழற்றி உள்ளே ஒயில் தேங்கியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

குறைந்த செலவிலிருந்து ஆரம்பியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது பிசிவி வால்வ். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சின்னஞ்சிறு சாமான் அது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, சீல்கள் வழியாகவும் ரிங்குகள் வழியாகவும் ஒயிலைத் தள்ளிவிடும். பல எஞ்சின்களில் அதைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வால்வ் சீல். பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலேயே அனுபவமுள்ள மெக்கானிக் இதை மாற்றிவிடுவார். இதற்கே முழு ஓவர்ஹோல் என்று யாராவது சொன்னால், இன்னொரு கராஜிலும் கேளுங்கள்.

மூன்றாவது, கம்பிரஷன் பரிசோதனை. அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தால், அளவு ஏறினால் ரிங் தேய்ந்துள்ளது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் பிழை. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். கம்பிரஷன் நன்றாக இருந்தும் எஞ்சின் ஒயில் குடிக்கலாம். பிஸ்டனில் கீழே இருக்கும் ஒயில் ரிங், கரி பிடித்து இறுகிவிடுவதே அதற்குக் காரணம். சிலிண்டர் சுவரிலிருந்து வழித்தெடுத்த ஒயில் திரும்பிப் போகும் துளைகள் அடைபட்டதும், அது மேலே ஏறி எரிந்துவிடும். அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையான டொயோட்டா கெம்ரி மாடல்களின் 2.4 லீற்றர் எஞ்சினில் இந்தக் குறை எழுந்தபோது, பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுக்கும் திட்டமொன்றை நிறுவனமே அறிவித்தது. அங்கேயும் முதலில் 1200 மைல் ஓடவிட்டு, எவ்வளவு ஒயில் குறைகிறது என்று அளந்த பிறகே எஞ்சினில் கை வைத்தார்கள்.

கரி பிடிப்பதைத் தவிர்க்க ஒரே வழி, நேரத்துக்கு ஒயில் மாற்றுவது. கடைக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் ஓடும் வாகனத்துக்கு எஞ்சின் முழுதாகச் சூடேறுவதேயில்லை. அதற்குக் கிலோமீற்றர் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது.

சற்றுத் தடித்த ஒயில் போட்டால் குறைவது மட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் கைநூல் அனுமதிக்கும் எல்லைக்குள் நில்லுங்கள். நுண்ணிய ஒயில் வழிகள் உள்ள புதிய ரக எஞ்சின்களுக்கு மிகத் தடித்த ஒயில் ஆகாது. போத்தலில் விற்கும் ஒயில் தடிப்பாக்கிகள் புகையைக் கொஞ்ச காலம் மறைக்கும். தேய்ந்த ரிங்கை அவை வளர்த்துவிடாது.

எப்போது எஞ்சினை இறக்குவது?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். வேன் மாதம் 2000 கிலோமீற்றர் ஓடி, 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயில் லீற்றர் 2500 ரூபா என்றால் மாதம் 5000, வருடம் 60,000 ரூபா. ஓவர்ஹோலுக்கு 300,000 ரூபா கேட்டால், அது ஐந்து வருட ஒயில் காசு. இரண்டு வருடத்தில் விற்கப்போகும் வேனுக்கு அந்தச் செலவு தேவைதானா என்று யோசிக்கலாம். ஆனால் பிளக் அடிக்கடி கரி பிடித்தல், கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் பழுதாதல், வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கத் தேவையான புகைப் பரிசோதனையில் தவறுதல் ஆகியவற்றையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். இவை சேர்ந்து வந்தால் எஞ்சினை இறக்கும் காலம் வந்துவிட்டது.

அப்போதும் ரிங் மட்டும் போதுமா, போர் செய்ய வேண்டுமா என்பதை சிலிண்டரை அளந்துதான் சொல்ல முடியும். அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த எஞ்சின் எடுப்பதானால், ஓடவிட்டுப் பார்த்து, கம்பிரஷன் அளந்து, திருப்பிக் கொடுக்கும் தவணையைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும்.

ஒயில் குடிப்பதால் எஞ்சின் ஒரே நாளில் சாவதில்லை. ஒயில் இல்லாமல் ஓடினால்தான் சாகும். சிவப்பு விளக்கு காட்டுவது ஒயிலின் அழுத்தத்தையே தவிர அளவை அல்ல. அது எரியும்போது பெயாரிங்குகள் ஏற்கெனவே உராய ஆரம்பித்திருக்கலாம். உடனே வாகனத்தை நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்ப்பதைச் சாரதியின் வேலையாக ஆக்கி, கொப்பியில் ஒப்பமிடச் செய்யுங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றவும் வேண்டாம். அதனால் ஒயில் நுரைத்து சீல்கள் பழுதாகும்.

கடைசியாக, விற்பனை பற்றி ஒரு வார்த்தை. தடித்த ஒயிலை ஊற்றிப் புகையை அடக்கி, "கம்பனி கண்டிஷன்" என்று சொல்லி வாகனத்தைத் தள்ளிவிடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். சரக்கின் குறையை மறைத்து விற்ற காசு ஹலாலான சம்பாத்தியத்தில் சேராது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. அந்த வேனை வாங்குபவனும் நம்மைப் போல் கடனை உடனை வாங்கித் தொழில் செய்பவன்தான். "1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குறையும்" என்று கொப்பியைக் காட்டி விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். அவன் அடுத்த தடவையும் உங்களைத்தான் தேடி வருவான்.