மறைமலை நகர் மேட்டுநிலச் செம்மண்

மறைமலை நகர் மேட்டுநிலச் செம்மண் என்பது செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகரிலும், அதை அடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரங்களிலும் ஏரிகளுக்கு இடைப்பட்ட மேடான நிலங்களில் காணப்படும் சிவந்த இருமண்பாட்டு மண் ஆகும். மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் கலந்த மண்ணே இருமண்பாடு எனப்படும். உழவர்கள் இம்மண்ணைச் செவ்வல் என்றும், மணல் மிகுந்த இடங்களில் மணற்சாரி என்றும் அழைப்பர்.

வருவாய்ப் பதிவேடுகளில் இந்நிலங்கள் புன்செய், மேய்க்கால், தரிசு போன்ற பெயர்களில் காணப்படுகின்றன. இப்பெயர்கள் நிலத்தின் பயன்பாட்டையும் தீர்வையையும் குறிப்பவை. மண்ணின் தன்மையைக் குறிப்பவை அல்ல. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்திலும் நன்கு வளர்ச்சியடைந்த மண் இருக்கலாம். 1990களுக்குப் பின் தொழிற்பேட்டைகள் பெருகிய இப்பகுதியில் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது.

தோற்றம்

வண்டலூர் முதல் செங்கல்பட்டு வரையுள்ள குன்றுகளும் அவற்றின் அடிவாரமும் பெரும்பாலும் சார்னோகைட்டு, நைசு ஆகிய பழமையான கடினப் பாறைகளால் ஆனவை. மேற்கே திருப்பெரும்புதூர்ப் பக்கம் இப்பாறைகளின் மீது கீழ் கிரீத்தேசியக் காலத்தைச் சேர்ந்த களிப்பாறை, மணற்பாறைப் படிவுகள் அமைந்துள்ளன. சில மேடுகளில் செம்பொறைச் சரளையும் பரவியுள்ளது. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூசு ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இத்தகைய சரளைப் படிவில்தான்.

வெப்பமும் மழையும் பாறையைச் சிதைக்கும்போது அதிலுள்ள இரும்பு விடுபட்டு ஆக்சைடாக மாறுகிறது. அதில் ஏமடைட்டு என்னும் கனிமம் மிகுந்தால் மண் சிவப்பாகவும், கோதைட்டு மிகுந்தால் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் தோன்றும். ஏமடைட்டு உருவாக மண் ஆண்டில் சில மாதங்களாவது நன்கு காய வேண்டும். இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மி.மீ.; அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. அடுத்து வரும் நீண்ட வறண்ட காலம் சிவப்பு நிறத்திற்குத் துணைசெய்கிறது.

நில அமைப்பில் இடம்

செங்கல்பட்டுப் பகுதி ஏரிகள் மிகுந்தது. ஒவ்வோர் ஏரிக்கும் மேலே நீர்பிடிப்பு மேடும், கரைக்குக் கீழே நன்செய் ஆயக்கட்டும் உண்டு. மண் வகைகளும் இதே வரிசையில் மாறுகின்றன. மேட்டின் உச்சியில் ஆழமற்ற சரளை மண்ணும், சரிவில் செம்மண் இருமண்பாடும், பள்ளத்தில் சாம்பல் அல்லது கருநிறக் களிமண்ணும் அமைகின்றன. ஒரே பாறையிலிருந்து தோன்றினாலும், நீர் எங்கே வடிகிறது, எங்கே தேங்குகிறது என்பதைப் பொறுத்து மண் வேறுபடுகிறது. இத்தகைய தொடர் வரிசையைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த செஃப்ரி மில்ன் 1935இல் 'கேட்டனா' எனப் பெயரிட்டார். இலத்தீனில் இதற்குச் சங்கிலி என்பது பொருள்.

மேட்டிலிருந்து மழைநீர் அரித்துச் செல்லும் நுண்துகள்களும் சத்துகளும் ஏரியில் வண்டலாகப் படிகின்றன. கோடையில் அந்த வண்டலை வண்டியில் ஏற்றிச் சென்று புன்செயில் கொட்டும் வழக்கம், இழந்ததை மீண்டும் மேட்டுக்கே சேர்க்கும் முறையாகும். மணற்சாரியில் களியின் அளவு கூடுவதால் ஈரம் நிற்கும் காலமும் கூடுகிறது.

பண்புகள்

இழைநயம்: அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவுமுறையில் 2 முதல் 0.05 மி.மீ. வரையுள்ள துகள் மணல், 0.05 முதல் 0.002 மி.மீ. வரை வண்டல், அதனினும் நுண்ணியது களி. இப்பகுதிச் செம்மண்ணின் மேலடுக்கு பெரும்பாலும் மணல் கலந்த இருமண்பாடாகவும், கீழடுக்கு மணல், களி கலந்த இருமண்பாடாகவும் இருக்கும். வயலிலேயே இதை அறியலாம். மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளி நாடாவாக நீட்ட வேண்டும். நாடா உருவாகும் முன்பே உதிர்ந்தால் மணல் மிகுதி. சற்று நீண்டு முறிந்தால் இருமண்பாடு. முறியாமல் நீளமாக வந்தால் களி.

நீர்: மேலடுக்கு நீரை விரைந்து உள்ளே விடும், ஆனால் நெடுநாள் தேக்கி வைக்காது. பெருமழைத் துளிகள் தாக்கிய பின் வெயில் அடித்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். அப்போது விதை முளைத்து வெளிவருவதும், அடுத்த மழை உள்ளே இறங்குவதும் தடைபடும்.

சத்து: களிக் கனிமங்களில் கயோலினைட்டு முதன்மையானது. இது கரிசல் களியைப் போல் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதில்லை. சத்துகளைப் பிடித்து வைக்கும் திறனும் குறைவு. தழைச்சத்தும் மணிச்சத்தும் பொதுவாகக் குறைந்தே காணப்படும். இந்திய மண் ஆய்வுக்கூட அளவுகோலில் கரிமக் கரியம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் 'குறைவு' எனக் கொள்ளப்படும். செம்மண் புன்செய்கள் பல இப்பிரிவில் வருகின்றன.

பயிர்: நிலக்கடலை, கேழ்வரகு, கம்பு, எள், கொள்ளு ஆகியவை இம்மண்ணுக்கு ஏற்றவை. நிலக்கடலையின் விழுது மண்ணுக்குள் எளிதில் இறங்க நெகிழ்ந்த மேல்மண் வேண்டும். அறுவடை நேரத்தில் மண் காய்ந்து இறுகிவிட்டால் செடியைப் பிடுங்கும்போது காய்கள் மண்ணிலேயே தங்கிவிடும். உழாத இடங்களில் பனை, வேம்பு, களா, காரை, சூரை ஆகியவற்றோடு புற்களும் வளர்கின்றன.

அறிவியல் வகைப்பாடு

அமெரிக்க வேளாண்மைத் துறை 1975இல் வெளியிட்ட மண் வகைப்பாட்டு முறையை இந்திய மண் அளவாய்வும் பின்பற்றுகிறது. இன்று அதில் 12 பெருவரிசைகள் உள்ளன. ஒரு மண்ணின் நிறத்தை மட்டும் கொண்டு அதன் வரிசை முடிவு செய்யப்படுவதில்லை. குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

மேலடுக்கிலிருந்து களி நீரோடு இறங்கிக் கீழே சேர்ந்திருந்தால் அவ்வடுக்கு 'ஆர்சிலிக்' எனப்படும். மேலே 15 விழுக்காடு களி இருந்தால் கீழே குறைந்தது 18 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அதற்கான விதிகளுள் ஒன்று. அத்தகைய அடுக்கும், சுண்ணாம்பு, மக்னீசியம் போன்ற காரச் சத்துகளின் நிறைவு 35 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் இருந்தால் அம்மண் ஆல்ஃபிசால் வரிசையில் சேரும். நன்கு வளர்ச்சியடைந்த செம்மண் மேடுகள் இவ்வரிசைக்கு உரியவை. அடுக்கு முழுமை பெறாத சரிவுகள் இன்செப்டிசால் வரிசையிலும், பாறைமேல் மெல்லிதாகக் கிடக்கும் சரளை என்டிசால் வரிசையிலும் அடங்கும்.

அடர் சிவப்பு ஆல்ஃபிசால்களின் பெயர் ரோடஸ்டால்ஃப். 'ரோடு' சிவப்பையும், 'அஸ்ட்' பருவ வறட்சியையும், 'ஆல்ஃப்' வரிசையையும் குறிக்கின்றன. அவ்வளவு சிவப்பு இல்லாதவற்றுள் பல ஏப்லஸ்டால்ஃப் எனப்படும். பன்னாட்டு மண் வகைப்பாட்டில் இவற்றுக்கு இணையானவை லூவிசால், லிக்சிசால் பிரிவுகள். களியின் சத்துப் பிடிப்புத் திறன் குறைந்தவை லிக்சிசாலில் சேரும்.

புல்வெளி மண்ணுடன் ஒப்பீடு

வட அமெரிக்கப் பிரெய்ரி புல்வெளியின் மேட்டு நிலங்களிலும் இருமண்பாட்டு மண் உண்டு. ஆயினும் அங்குள்ள மண் பெரும்பாலும் மாலிசால் வரிசையைச் சேர்ந்தது. அதன் மேலடுக்கு தடித்துக் கருத்திருக்கும். புல்வேர்கள் ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே மடிகின்றன. குளிர்காலத்தில் அவை மெல்லவே மட்குகின்றன. மறைமலை நகரின் வெப்பத்தில் மட்கு விரைவில் சிதைந்துவிடும். மேய்ச்சலும் உழவும் அதை மேலும் குறைக்கும். எனவே இழைநயம் ஒன்றாக இருந்தாலும் மண் ஒன்றாவதில்லை.

பிற வகைப்பாடுகள்

சென்னை மாகாணத்தின் இரயத்துவாரி நில அளவையில் மண், கரிசல், செவ்வல், மணல் எனத் தொகுக்கப்பட்டது. பின் களி, இருமண்பாடு, மணல் எனப் பிரிக்கப்பட்டு, விளைச்சல் அடிப்படையில் தரம் குறிக்கப்பட்டது. அதன் நோக்கம் தீர்வை விதிப்பது. கட்டடப் பொறியாளர் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1498 முறையைப் பயன்படுத்தி, மண் எவ்வளவு சுமை தாங்கும், நனைந்தால் எப்படி மாறும் என்று பார்க்கிறார். லாரி வணிகத்தில் இதே மண் கிராவல் அல்லது சவுடு எனப்பட்டு, நிரப்பும் பொருளாக லோடு கணக்கில் விற்கப்படுகிறது. இம்மூன்றிலும் மேலடுக்கின் மட்கு, நுண்ணுயிர், நீர் இறங்கும் தன்மை ஆகியவை கணக்கில் வருவதில்லை.

இன்றைய நிலை

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மறைமலை நகரைத் துணை நகரமாக உருவாக்கியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்து, இவ்வட்டாரம் மோட்டார் வாகனத் தொழிலின் மையமாயிற்று. நீர் தேங்காததும் உறுதியானதுமான மேட்டு நிலம் கட்டுமானத்திற்கு எளிது.

ஆனால் இம்மேடுகளே ஏரிகளின் நீர்பிடிப்பு. ஒரு எக்டேரில் பெய்யும் 50 மி.மீ. மழை 5 இலட்சம் லிட்டர் ஆகும். திறந்த செம்மண்ணில் அதன் ஒரு பகுதி கீழிறங்கி நிலத்தடி நீராகிறது. காங்கிரீட்டும் தாரும் மூடிய நிலத்தில் ஏறத்தாழ முழுவதும் உடனே வழிந்தோடுகிறது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் மிகைநீர் அடையாற்றில் சேர்வதால், மேட்டில் ஏற்படும் மாற்றம் கீழுள்ள ஊர்களையும் பாதிக்கும்.

2006 முதல் பன்னாட்டு வகைப்பாட்டில் டெக்னோசால் என்னும் பிரிவு இடம்பெற்றுள்ளது. இடிபாடுகளும் செயற்கைப் பொருள்களும் மிகுந்த மண்ணும், காங்கிரீட்டு, தார் போன்றவற்றால் மூடப்பட்ட மண்ணும் இதில் அடங்கும். ஆகவே தொழிற்சாலை வளாகமாகும் மேட்டின் மண் வகையே மாறிவிடுகிறது.

ஒரு எக்டேரின் மேல் 15 செ.மீ. மண் 1,500 கன மீட்டர் ஆகும். அது மீண்டும் உருவாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அதனால்தான் பெருந்திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளில், தோண்டப்படும் மேல்மண்ணைத் தனியே சேமித்து, வளாகத்தின் பசுமைப் பகுதிக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது வழக்கமாக இடம்பெறுகிறது. மேல்மண்ணை அடிமண்ணோடும் சரளையோடும் கலக்காமல், உயரம் குறைந்த குவியலாக, செடிகொடி மூடியபடி வைத்து, விரைவில் பரப்பினால்தான் அந்நிபந்தனை பயன் தரும்.