வரலாற்றுப் பாடமும் வரலாற்றுணர்வும்: சப்ரகமுவப் பெருந்தோட்டச் சமூகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

மக்களிடையே வரலாற்றறிவு குன்றிவருகின்றது என்னும் முறைப்பாடு புதியதன்று. 2025ஆம் ஆண்டில் இலங்கையின் பாடசாலைக் கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதம் எழுந்தபோது, வரலாறு கட்டாய பாடமாகத் தொடரவேண்டுமா என்ற வினா பரவலாக அலசப்பட்டது. வரலாற்றுக்கு எத்துணை இடம் அளிப்பது என்பதே அவ்விவாதத்தின் மையமாயிற்று. எவருடைய வரலாறு கற்பிக்கப்படுகின்றது, அது கற்போரின் வாழ்வை அவர்களுக்கு விளக்குகின்றதா என்னும் அடிப்படை வினாக்கள் ஓரங்கட்டப்பட்டன. அவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தின் அநுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் பிரதேசம் சப்ரகமுவ. அதிலும் சிறப்பாக இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலவும் அதனைச் சூழ்ந்த பகுதியுமாம். வயலும் மாணிக்கக்கற் குழியும், இறப்பர்த் தோட்டமும் தேயிலைத் தோட்டமும், சிங்களக் கிராமமும் தமிழ்த் தொழிலாளர் லயன்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நிலப்பரப்பு இது. நுவரெலியா, அற்றன் பகுதிகளிற் போலத் தோட்டத் தமிழர் இங்கு செறிந்து வாழவில்லை, சிதறியே வாழ்கின்றனர். ஆகவே இவர்களது வரலாறும், பக்கத்துக் கிராமத்தவரது வரலாறும் தனித்தனியே பிரித்துச் சொல்லப்பட முடியாதவை. ஆயினும் அவை பிரித்தே கற்பிக்கப்படுகின்றன. அன்றேல் கற்பிக்கப்படாமலே விடப்படுகின்றன. எமது ஆய்வுக்கு இவ்விடம் பொருத்தமானதென நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

2

பாடத்தின் உள்ளடக்கத்தை நோக்குமுன் பாடசாலையை நோக்குதல் வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு புகட்டுதலே அங்கு எதிர்பார்க்கப்பட்டது. பிள்ளைகளின் உழைப்பையும் வேண்டிநின்ற ஓர் உற்பத்திமுறை, அவர்களது கல்விக்கும் தானே பொறுப்பாயிருந்த முரண்பாடு இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தேயே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானதன் பின்னரே அப்பாடசாலைகளும் படிப்படியாகத் தேசியக் கல்வியமைப்பினுள் வந்தன. இச்செயன்முறை 1980 அளவிலேதான் நிறைவெய்தியது. நாட்டின் பிற பிள்ளைகள் பெற்றதைத் தோட்டப் பிள்ளை ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பிந்தியே பெற்றது.

இத்தாமதத்தின் விளைவு வரலாற்றுப் பாடத்தில் வெளிப்படையாகத் தெரிகின்றது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியன சமூகக் கல்வி என்னும் ஒரே பாடமாக்கப்பட்டன. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. இன்றுங்கூட அது ஆறாம் ஆண்டிலேயே தொடங்குகின்றது. தோட்டப் பாடசாலைகளிற் பலவோ ஐந்தாம் ஆண்டுடன் முடிவடைவன. மேல் வகுப்புக்குப் பல மைல் தூரம் செல்ல இயலாது ஐந்தாம் ஆண்டுடன் நின்றுவிட்ட ஒருவர், வரலாறு என்னும் பாடத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் சந்தித்ததில்லை. அவரை நோக்கி ‘வரலாறு தெரியாதவர்’ எனக் கூறுவது, சோறு கிடைக்காதவனைப் பசியுணர்வு மிக்கவன் எனக் குறைகூறுவது போன்றதாகும். மேலும், தமிழ்மொழிப் பாடசாலைகள் அருகியே காணப்படும் இம்மாவட்டத்தில், சிங்களமொழி மூலம் கற்கும் தோட்டப் பிள்ளைகளும் உளர். அவர்கள் தம் பாட்டன் பாட்டியரின் கதையைக் கேட்கும் மொழியும், வரலாற்றைப் படிக்கும் மொழியும் வேறுவேறாகிவிட்டன.

3

பாடசாலையில் தொடர்ந்து கற்கும் வாய்ப்புப் பெற்ற பிள்ளை சந்திக்கும் வரலாறு எத்தகையது? அநுராதபுர, பொலன்னறுவைக் காலங்கள், குளங்கள், விகாரைகள், துட்டகைமுனு - எல்லாளன் போர், பராக்கிரமபாகுவின் ஆட்சி, ஐரோப்பியர் வருகை, 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் என அது அமைந்து செல்லும். இவற்றைக் கற்பித்தல் வேண்டாவென எவரும் கூறார். ஆனால், குளத்தை மன்னன் கட்டினான் என்று படிக்கும் மாணவன், மண் சுமந்தோர் யாவர், அவர்களை அவ்வுழைப்புக்குப் பணித்த சமூக உறவு எத்தகையது என்று வினவுவதற்குப் பயிற்றப்படுவதில்லை. இனங்களுக்கிடையிலான பகைமையாக இன்று விளங்கிக்கொள்ளப்படும் பழம்போர்களை, அவற்றின் காலத்து அரசியலில் வைத்து நோக்கவும் பயிற்றப்படுவதில்லை. பேராசிரியர் லெஸ்லி குணவர்த்தன சிங்கள அடையாளத்தின் வரலாற்று உருவாக்கத்தை 1979இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார். பாடநூல்கள் இன உறவுகளை எவ்வாறு சித்திரிக்கின்றன என்பதை ரெஜி சிறிவர்த்தன முதலியோர் 1980களில் ஆராய்ந்தனர். பல்கலைக்கழக மட்டத்து இவ்விவாதங்கள் பாடசாலை வகுப்பறையை எட்டியது மிகச் சிறிதே.

பிரித்தானியர் காலப் பொருளாதாரம் பற்றிய பகுதியிலேயே தோட்டத் தொழிலாளர் தோன்றுகின்றனர். இலக்கிய மாணாக்கராகிய நாம் இவ்விடத்தில் மொழிநடையைக் கவனித்தல் பயனுடையது. துரைமார் காடழித்தனர், கோப்பி பயிரிட்டனர், இருப்புப்பாதை அமைத்தனர் எனச் செய்வினையில் வருகின்றனர். தொழிலாளரோ ‘கொண்டுவரப்பட்டனர்’, ‘குடியேற்றப்பட்டனர்’, ‘வாக்குரிமை பறிக்கப்பட்டனர்’, ‘திருப்பியனுப்பப்பட்டனர்’ எனச் செயப்பாட்டு வினையிலேயே வழங்கப்படுகின்றனர். காடழித்த கைகள் இவர்களுடையனவே. அவ்வாறிருந்தும் வாக்கியத்தின் எழுவாயாக இவர்கள் அமைவது அரிது. இந்நடை பாடநூலுக்கு மட்டும் உரியதன்று. பத்திரிகைகளிலும், இம்மக்களிடத்துப் பரிவுகொண்டோர் எழுத்துக்களிலும் அதனைக் காணலாம். செய்தோரைச் செய்யப்பட்டோராக மாற்றும் இவ்விலக்கணம் ஒரு கருத்துநிலையின் வெளிப்பாடு. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனும், 1920கள் முதல் தொழிலாளரைத் திரட்டிய கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் அவ்விலக்கணத்துக்குள் அடங்காதவர்கள். அதனாலேயே அவர்களுக்குப் பொதுவரலாற்றில் இடங்கிடைப்பது அரிதாயிற்று.

4

நிவித்திகலப் பகுதியில் வாழும் ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரு தமிழ்ப் பிள்ளையும் தம் கண்முன் காணும் நிலத்தின் வரலாற்றைக் கற்பதாயின் எங்கிருந்து தொடங்கலாம்? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என அது அநுமானித்தது. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் இதனை மேலும் கூர்மையாக்கியது. அறிவித்தல் விடுக்கப்பட்டு மூன்று மாதத்துள் எவரும் உரிமை கோராவிடின் அந்நிலம் முடிக்குரியதெனப் பிரகடனப்படுத்தலாம் என்றாயிற்று. ஆவணமின்றி, வழிவழி வந்த வழக்கத்தால் சேனைப்பயிர் செய்துவந்த கிராமத்தவர்க்கு இது எத்தகைய இடியென்பதைச் சொல்லத் தேவையில்லை. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரப் பூங்காவில் நாட்டப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த பயிர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சப்ரகமுவ எங்கும் பரவியது. 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டிய களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை, அவ்விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றது.

இந்நிகழ்ச்சியின் மறுமுனை தமிழகத்தில் உள்ளது. நிலமின்மை, கடன், சாதியொடுக்குமுறை, பஞ்சம் ஆகியவற்றால் துரத்தப்பட்ட உழைப்பாளர், கங்காணிமாரின் முன்பணத்துக்குக் கட்டுண்டு கடல்கடந்தனர். துண்டு முறை அவர்களது கடனையும் அவர்களையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் சேர்த்தே கைமாற்றியது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. கிராமத்து விவசாயியிடமிருந்து நிலத்தைப் பிரித்ததும், தமிழகத்து உழைப்பாளியை அவனது ஊரிலிருந்து பிரித்ததும் ஒரே மூலதனத்தின் இரு செயல்களே. கோப்பிக் காலத்தில் கண்டிய விவசாயி எவ்வளவு நிலத்தை இழந்தான் என்பதில் ஆய்வாளரிடையே கருத்துவேறுபாடு உண்டு. மைக்கல் றொபர்ட்ஸ் ஒருவகையாகவும், 1983இல் வெளிவந்த தமது நூலில் அசோகா பண்டாரகே வேறுவகையாகவும் இதனை நோக்கினர். அவ்விவாதத்தை மறைக்க வேண்டியதில்லை. வரலாறு என்பது சான்றுகளைக்கொண்டு வாதிடும் கலை என்பதை மாணவர் உணர அதுவே சிறந்த வாயிலாகும். ஆனால் நிலத்தை எடுத்தது சட்டமும் மூலதனமுமேயன்றி லயத்துக் குடும்பம் அன்று என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இவ்வுண்மை கற்பிக்கப்படாமைக்கு இம்மாவட்டம் கொடுத்த விலை பெரிது. ‘எமது நிலத்தில் வந்தேறியோர்’ என்னும் எண்ணம் கிராமத்தில் நிலைபெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வெண்ணத்துக்கு அரச முத்திரையிட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 யூலையிலும் இனவன்முறை இம்மாவட்டத்தையும் தாக்கிற்று. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பலவற்றில் லயன்கள் எரிக்கப்பட்டன. வீடிழந்தோருட் பலர் வவுனியா முதலிய வடபகுதிகளுக்குச் சென்று குடியேறினர். அம்மாவட்டத்து இளந்தலைமுறை அவ்வாண்டில் நிகழ்ந்ததைப் பாடசாலையிற் கற்பதில்லை. தாக்கியோர் வழிவந்த பிள்ளையும், தாக்கப்பட்டோர் வழிவந்த பிள்ளையும் ஒரே வீதியில் அறியாமையோடு நடக்கின்றனர்.

5

பாடசாலை சொல்லாததை மக்கள் மறந்துவிடவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்கள், பயணத்தின் துயரையும் கங்காணியின் கொடுமையையும் தொழிலாளரின் எள்ளலையும் பேணிவைத்துள்ளன. பாடநூலின் செயப்பாட்டு வினைக்கு மாறாக, இங்கு பேசுவது தன்மை இடம். 2023இல், தோட்டத் தொழிலாளர் வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபெற்ற நெடும்பயணம், வகுப்பறைக்கு வெளியே மக்கள் தம் வரலாற்றைத் தாமே கற்பித்துக்கொண்ட நிகழ்ச்சியாகும். வரலாற்றில் மக்களுக்கு ஆர்வமில்லை என்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

எனினும் மக்கள் நினைவை அவ்வாறே வரலாறாக ஏற்பதும் பொருந்தாது. அநுபவத்தை அது கூர்மையாகக் காட்டும். காரணத்தைக் காட்டுவது குறைவு. பாடல்களிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் தெளிவாகத் தெரிகின்றனர். கொழும்பிலிருந்த முகவர் நிறுவனமும் இலண்டனிலிருந்த பங்குதாரரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டத்துள் நிலவிய சாதி ஏற்றத்தாழ்வையும், பெண்களின் இரட்டைச் சுமையையும் நினைவு சில வேளைகளில் இயல்பானவையாகவே கடந்துசெல்லும். மேலும், ‘மலையகம்’ என்னும் சொல் எமது மனத்தில் எழுப்புவது கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தையே. விடியற் குளிரில், பால் நன்கு சுரக்கும் வேளையில், மரத்துக்கு மரம் சென்று பால் வெட்டிச் சிரட்டை வைக்கும் சப்ரகமுவ இறப்பர்த் தொழிலாளி அவ்வுருவத்தில் இல்லை. 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம் இராசதந்திர வெற்றியாக நினைக்கப்படுகின்றது. நாட்டுக்கு அரிசி தந்தது அப்பாலை வெட்டிய கைகளே. அக்கைகளிற் பல அன்று வாக்குரிமையற்றவை. மழை பெய்தால் வெட்டு நின்று நாட்சம்பளமும் பாதிக்கப்படும் இம்மழைப் பிரதேசத்தில், தானியத்தின் விலையைத் தொழிலாளி எவ்வாறு செலுத்தினான் என்பதும் அவ்வொப்பந்தத்தின் வரலாற்றைச் சேர்ந்ததே. மாற்று வரலாற்றிலும் மையமும் விளிம்பும் உண்டாகும் என்பதை முற்போக்காளர் மறத்தலாகாது.

6

ஆகவே பாடசாலையும் மக்கள் நினைவும் ஒன்றன் குறையை மற்றது நிரப்புதல் வேண்டும். இதற்குப் புதிய பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1970களிற் கைவிடப்பட்ட இரத்தினபுரி இருப்புப்பாதையின் எச்சங்கள், பழைய செக்ரோல் ஏடுகள், குடும்பங்கள் பெட்டியில் பத்திரப்படுத்தியுள்ள பிரசாவுரிமைப் பத்திரங்கள், கிராமத்து முதியோர் கூறும் சேனைக்காட்டுக் கதைகள் ஆகிய யாவும் ஆசிரியரின் கைக்கெட்டும் தூரத்திலுள்ள சான்றுகள். இந்த நிலம் யாருடையதாயிருந்தது? எச்சட்டத்தால் கைமாறியது? இதில் உழைத்தவர் யார்? பலன் எங்கே சென்றது? இந்நான்கு வினாக்களைச் சிங்களப் பாடசாலையும் தமிழ்ப் பாடசாலையும் ஒரே வேளையிற் கேட்குமாயின், விடைகள் ஒன்றையொன்று சந்தித்தே தீரும். அதற்கு ஆசிரியர்களைப் பயிற்றுவதும், பல்கலைக்கழக ஆய்வுகளை எளிய தமிழிலும் சிங்களத்திலும் அவர்களிடம் சேர்ப்பதும் எம்மைப் போன்றோரின் கடமையாகும்.

மன்னர் பெயரும் ஆண்டும் ஒப்புவிக்கத் தெரிதலே வரலாற்றறிவு என்றால், எம் மக்கள் அதிற் குறைந்தவராகவே இருப்பர். தம் வாழ்நிலை எவ்வாறு உருவாயிற்று, யாரால் உருவாக்கப்பட்டது, எவ்வாறு மாற்றப்படலாம் என அறிதலே வரலாற்றறிவு என்றால், அதனை அவர்களுக்கு இதுவரை மறுத்தவர் யாவர் என்பதே முதலிற் கேட்கப்படவேண்டிய வினா. நிவித்திகலவின் வயலோரத்துப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் அவ்வினாவை ஒருசேரக் கேட்கும் நாளிலேயே வரலாற்றுப் பாடம் தன் பணியைத் தொடங்கியதாகும்.