இருபத்தேழு ஓட்டம், இருபது வெற்றி: ராக்கெட் மேன் கதை

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கும் பந்தயக் குதிரைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. சம்பள வாரம் வந்தால் அது தெரிந்துவிடும்.

எங்கள் லயத்தில் ஒரு பெரியப்பா இருந்தார். தேயிலை ஆலையில் வேலை. சம்பளம் கைக்கு வந்த வாரம் தாப்பாவுக்கு இறங்குவார். அங்கிருந்து ஈப்போவுக்கு பஸ். பந்தயத் திடலுக்குப் போய்விட்டு, இருட்டின பிறகு கையை வீசிக்கொண்டு மலையேறி வருவார். பெரியம்மா வாசலிலேயே நிற்பார். "குதிரை ஓடுச்சாம், நம்ம காசும் கூடவே ஓடிருச்சாம்" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. அந்த மாசம் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் கூடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் குதிரைக்கு எத்தனை வயது, எந்த ஜாக்கி எப்படி ஓட்டுவான் என்று பெரியப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம். அத்தனை தெரிந்தவர் ஒரு நாளாவது ஒரு குதிரையைத் தொட்டுப் பார்த்ததில்லை. வேலிக்கு இந்தப் பக்கம்தான் அவருக்கு இடம்.

இன்று ஒரு காசுகூடக் கட்டாமல் ஒரு குதிரையைப் பற்றிப் பேசுவோம். பெயர் ராக்கெட் மேன்.

இது 2005-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. ஓடியதும் புகழ் பெற்றதும் சிங்கப்பூரில். சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய நான்கு ஊர்த் திடல்களும் நெடுங்காலம் ஒரே மலாயா பந்தயச் சங்கத்தின் கீழ் இருந்தவை. ஆகவே சிங்கப்பூர்க் குதிரை என்றாலும் நமக்கு அது வெளியூர்க் குதிரை அல்ல. முதலாளி பிரெட் கிராபியா. பழக்கியவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பேட்ரிக் ஷா.

ராக்கெட் மேன் காயடித்த குதிரை. நம் ஊரில் வண்டிக் காளைக்குச் செய்வார்களே, அதே வேலைதான். குதிரை முரண்டு பிடிக்காது, கவனம் ஓட்டத்திலேயே இருக்கும் என்பதற்காகச் செய்வது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வெற்றி பெற்ற பொலிக் குதிரை ஓட்டத்தை விட்ட பிறகும் குட்டிகள் மூலம் முதலாளிக்குப் பணம் கொண்டு வரும். காயடித்ததற்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஓடுகிற நாள்தான் அதற்குச் சம்பாத்தியம். உடம்பில் தெம்பு இருக்கும் வரைதான் கூலி என்பது நமக்குப் புரியாத கணக்கா?

அதன் ஓட்டம் குறுந்தூர ஓட்டம். 1200 மீட்டர், அதாவது ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல். வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் எல்லாம் சரியாக அமைய வேண்டும்: கதவு திறந்த நொடியில் பாய வேண்டும், இடம் பிடிக்க வேண்டும், கடைசி 200 மீட்டரில் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பந்தயங்களில் பலவற்றில் நல்ல குதிரைக்கு எடை கூட வைப்பார்கள். சேணத்தோடு ஈயத் தகடு சேர்த்துச் சுமக்க விடுவார்கள், மற்றக் குதிரைகளும் சமமாக வரட்டும் என்று. நன்றாகப் பறிக்கிற பெண் தலையில்தான் இன்னும் ரெண்டு கிலோ கேட்பார்கள் அல்லவா, அது மாதிரி.

சிங்கப்பூரில் லயன் சிட்டி கோப்பையை 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு வருஷம் ராக்கெட் மேன் தட்டிச் சென்றது. ஆனால் வெளியூர்க் குதிரைகள் வந்து கலந்துகொள்ளும் கிரிஸ்ஃபிளையர் ஓட்டத்தில் மட்டும் அது தோற்றுக்கொண்டே இருந்தது. 2009-இல் ஹாங்காங்கின் சேக்ரெட் கிங்டம் முந்தியது. 2010-இல் அதே ஹாங்காங்கிலிருந்து வந்த கிரீன் பேர்டி முந்தியது. இரண்டு தடவையும் மயிரிழைதான். படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மூக்கு முன்னே பின்னே.

அதே 2010 மார்ச்சில் துபாய்க்குக் கொண்டு போனார்கள். கோல்டன் ஷஹீன் என்ற பெரிய ஓட்டம். அங்கேயும் இரண்டாம் இடம். கின்சேல் கிங் என்ற குதிரை தட்டிப் பறித்துவிட்டது. "உள்ளூர்ல புலி, வெளியூர்ல பூனை" என்று பேச ஆரம்பித்தார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, அது ஓடப் போவதில்லையே.

அடுத்த வருஷம், 2011 மார்ச் 26. அதே துபாய், அதே ஓட்டம். மேடான் திடலின் தரை அப்போது வெறும் மண் அல்ல. மணலும் நாரும் மெழுகும் கலந்த செயற்கைத் தரை. பரிசுத் தொகை 20 லட்சம் அமெரிக்க டாலர். மேலே உட்கார்ந்திருந்தவர் பீலிக்ஸ் குட்ஸீ, ஹாங்காங்கின் புகழ்பெற்ற சைலண்ட் விட்னஸ் குதிரை தொடர்ந்து 17 ஓட்டங்களை ஜெயித்தபோது அதன்மேல் இருந்த அதே ஜாக்கி. இந்தத் தடவை படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ராக்கெட் மேன் தெளிவாக முந்தி வந்து நின்றது. இரண்டு மாசத்தில் கிரிஸ்ஃபிளையர் ஓட்டத்தையும் வென்றது. மூன்றாம் வருஷத்தில் அந்தக் கடனும் தீர்ந்தது.

மொத்தம் 27 ஓட்டம். 20 வெற்றி, ஆறு தடவை இரண்டாம் இடம். முதல் இரண்டு இடத்துக்குள் வராதது ஒரே ஒரு தடவை: 2011 அக்டோபரில் ஜப்பானின் நாகயாமா திடலில் நான்காவதாக வந்தது. இப்படிக் கணக்கு வைத்திருக்கும் குதிரைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதலாளி பெயர், பயிற்சியாளர் பெயர், ஜாக்கி பெயர் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். நான்காவதாக ஒருவர் உண்டு: சைஸ், குதிரைக்காரர். நம்ம பெரட்டுக்கு முன்பே எழுந்து லாயத்தைக் கூட்டிச் சாணத்தை அள்ள வேண்டும். வைக்கோல் மாற்றி, தீனி வைத்து, உடம்பு தேய்த்துவிட வேண்டும். ஓடிவிட்டு வந்தால் மூச்சு ஆறும் வரை பிடித்து நடத்த வேண்டும். காலைத் தடவிப் பார்த்து எங்கே சூடு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது அவர் கைதான். அந்தக் கை தவறினால் 20 லட்சம் டாலரும் இல்லை, கோப்பையும் இல்லை. பரிசில் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் பங்கு போக, மிச்சம் முதலாளிக்கு. சைஸுக்கு மாசச் சம்பளம். முதலாளி மனசு வைத்தால் மேலே ஏதோ. சிங்கப்பூர் லாயங்களில் இந்த வேலை பார்த்தவர்களில் மலேசியர்களும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் உண்டு.

அந்தத் திடல் இப்போது இல்லை. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் பந்தயச் சங்கம், கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ஓட்டத்தை நடத்திவிட்டு மூடியது. நிலம் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. வீடுகள் கட்டவும் வேறு தேவைகளுக்கும் என்று 2023 ஜூனிலேயே அறிவித்துவிட்டார்கள். அப்போது அங்கே சுமார் 700 குதிரைகள். சங்கத்தின் ஊழியர்கள் 350 பேர் அளவில். லாயத்தில் வேலை செய்தவர்கள் தனி.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்ற செய்தியை, மலைக்குக் கீழே ரப்பர்த் தோட்டங்களில் நம் உறவுக்காரர்கள் எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள்! வேலை போகிற அன்றே வீடும் போகும். மாட்டுக் கொட்டகையும் காய்கறிப் பாத்தியும் போகும். கோயிலை எங்கே கொண்டு போய் வைப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். திடல் மூடுகிறது என்று கேட்டபோது சைஸ்மார் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் யாரையும் கேட்கத் தேவையில்லை.

கிராஞ்சிக் குதிரைகளில் பல, லாரி ஏறிப் பாலம் கடந்து மலேசியாவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் பத்திரம் உண்டு: பிறந்த தேதி, தாய், தகப்பன், ஓடிய ஓட்டம், வந்த இடம் எல்லாம் எழுதியிருக்கும். வாங்க ஆளும் இருந்தது. முப்பது வருஷம் அவற்றின் காலைத் தடவிப் பார்த்தவர் கையில் என்ன பத்திரம் இருந்தது? வேலைப் பெர்மிட்டும், அதில் அடித்திருந்த முடிவுத் தேதியும்.